துயரத்தில் கிடைத்த உறவு
(ஜோசபின் பட்லர் அம்மையார் வாழ்க்கை)

பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்கும் துயரத்துக்கு இணையான துயரம் உலகில் இல்லை. மகன் காட்டுக்குப் போகிறான் என்ற பிரிவைக்கூடத் தாங்க மாட்டாமல் தயரதன் உயிர் விட்டதைக் கம்பர் பாடியிருக்கிறார். உயிரை விடாமல், பிள்ளையை மட்டும் இழந்து நிற்பவர்கள் என்ன செய்வது? கதவைச் சாத்திக்கொண்டு அழுதே மாய்ந்தவர் பலர். அந்தத் துயரத்தோடேயே தெருவில் இறங்கி, தம்மைப்போல் இழந்தவர்களைத் தேடிச் சென்று உறவு கொண்டவர் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் ஜோசபின் பட்லர் அம்மையார்.

அம்மையார் 1828ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்தில் பிறந்தார். தந்தை ஜான் கிரே வேளாண்மையில் வல்லவர். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அடிமைகள் பட்ட பாட்டைத் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தது அந்த இளம் உள்ளம். 1852இல் ஜார்ஜ் பட்லர் என்னும் கல்வியாளரை மணந்தார். ஆக்ஸ்போர்டில் சில ஆண்டுகள் வாழ்ந்த பின், 1857இல் செல்டன்ஹாம் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்குள்ள கல்லூரியில் ஜார்ஜ் துணை முதல்வரானார். ஆண் மக்கள் மூவர். கடைக்குட்டியாக 1859இல் பிறந்த ஒரே பெண் குழந்தை ஏவா. வீட்டின் விளக்கே அவள்தான்.

1864ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். வெளியே சென்றிருந்த பெற்றோர் வீடு திரும்பினர். அவர்கள் குரல் கேட்டதும் மாடி அறையிலிருந்து ஓடி வந்தாள் ஏவா. படிக்கட்டின் கைப்பிடியைத் தாண்டித் தவறிக் கீழ்த்தளத்தில் விழுந்தாள். தாயின் கண்ணெதிரே நடந்தது அது. வரவேற்க ஓடி வந்த குழந்தை சில மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது.

அன்று முதல் அந்த வீட்டின் படிக்கட்டு அம்மையாருக்குப் பகையாயிற்று. உடலும் நலிந்தது, உள்ளமும் நலிந்தது. 1866இல் ஜார்ஜுக்கு லிவர்பூல் கல்லூரியில் தலைமைப் பொறுப்புக் கிடைத்தது. ஊர் மாறியது, துயரம் மாறவில்லை. கணவரும் மக்களும் காலையில் கல்லூரிக்குச் சென்றுவிட்டால், மாலை வரை வெறிச்சோடிக் கிடந்த வீட்டில் அம்மையாரும் ஏவாவின் நினைவும்தான்.

தனிமை தாங்காத அவர் ஒரு முடிவுக்கு வந்தார். என் துயரத்தைவிடக் கொடிய துயரத்தில் இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களிடம் போய், நானும் இழந்தவள்தான் என்று சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லும் திட்டம் ஏதும் அப்போது அவரிடம் இருக்கவில்லை. தம்மைப்போன்ற துயருற்றோரின் அருகில் இருந்தால் போதும் என்றே நினைத்தார்.

லிவர்பூலின் பிரவுன்லோ ஹில் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏழைகள் அடைந்து கிடந்த பெரிய ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. அதன் நிலவறைகளில் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தாரேறிய பழைய கப்பற் கயிறுகளைப் பிரித்து நார் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்க அந்த நார் பயன்பட்டது. ஒரு துண்டு ரொட்டிக்கும் சில இரவுத் தங்கலுக்கும் அதுவே கூலி. ஊரார் முகம் சுளித்து ஒதுக்கிய பெண்களும் அவர்களுள் இருந்தனர்.

அம்மையார் அங்கே சென்றார். நின்றுகொண்டு உபதேசம் செய்யவில்லை. தாமும் தரையில் அமர்ந்து கயிற்றைக் கையில் எடுத்தார். பழக்கமில்லாத விரல்கள் தடுமாறின. அதைக் கண்டு பெண்கள் சிரித்தார்கள். அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். தோழமை அந்தச் சிரிப்பில் தொடங்கியது. பிள்ளையை இழந்த தாயும், பெற்றோரை, ஊரை, மானத்தை இழந்த பெண்களும் ஒரே தரையில் ஒரே கயிற்றைப் பிரித்தார்கள்.

பிறகு அவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்தார். முதலில் வந்தவள் காசநோயால் மெலிந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண். ஜார்ஜ் அவளை மரியாதைக்குரிய விருந்தினராக எதிர்கொண்டு, கைகொடுத்து உள்ளே அழைத்துச் சென்றார். மனைவியின் துயரத்தைத் தம் துயரமாகவும், அவர் தேடிக்கொண்ட உறவைத் தம் உறவாகவும் ஏற்ற கணவர் அவர். வீட்டில் இடம் போதாமற் போனபோது, நோயுற்ற பெண்களுக்கென ஓர் இல்லமும், வேலை செய்யக் கூடியவர்களுக்கு ஒரு தொழிலகமும் பிறந்தன.

அந்தப் பெண்களைப் பிள்ளைகளாகக் கொண்ட தாய்க்கு 1869இல் பெரும் சோதனை வந்தது. படைவீரர் தங்கும் ஊர்களில், ஐயத்துக்குள்ளான எந்தப் பெண்ணையும் காவலர் பிடித்துக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தச் சட்டம் இடம் தந்திருந்தது. ஆண்களுக்கு அத்தகைய சோதனை கிடையாது. இந்த அநீதியை எதிர்த்த பெண்கள் சங்கத்துக்கு அம்மையார் தலைமை ஏற்றார். பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அந்த எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார். மேட்டுக்குடியினர் பலர் அம்மையாரை ஒதுக்கினர். கூட்டங்களில் கலகம் செய்தனர். உழைப்பாளர் கூட்டமோ அவருக்குச் செவி கொடுத்தது. 17 ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1886இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அதே போன்ற சட்டம் இந்தியாவிலும் 1868இல் வந்தது. நம் சென்னை நகரிலும் நடைமுறையில் இருந்தது. இந்திய மண்ணை மிதிக்காமலே, முகம் காணாத இந்நாட்டுப் பெண்களுக்காகவும் அம்மையார் குரல் கொடுத்தார். 1888இல் அச்சட்டமும் நீங்கியது. பாளையங்களில் பழைய வழக்கம் தொடர்வதை அறிந்து, பின்னரும் அவர் ஓயவில்லை.

ஏவாவை அவர் மறந்துவிட்டாரா? இல்லை. 1890இல் மறைந்த கணவரின் வரலாற்றை 1892இல் நூலாக எழுதியபோது, அந்தக் கொடிய நாளின் நினைவு தம்மை விட்டு நீங்கவே இல்லை என்பதையும் பதிவு செய்தார். துயரம் தீர்ந்ததால் அவர் தொண்டுக்கு வரவில்லை. துயரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே வந்தார். 1906ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், பிறந்த நார்தம்பர்லாந்திலேயே அவர் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்களே! துக்க வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நாம் வாசலோடு திரும்பிவிடுகிறோம். சொல்ல ஒன்றும் வேண்டியதில்லை. உள்ளே சென்று, அவர்கள் அமர்ந்திருக்கும் தரையில் நாமும் சற்று அமர்ந்தால் போதும். லிவர்பூல் நிலவறையில் அம்மையார் முதலில் செய்ததும் அதுதான்.