அஜந்தாவில் தன் வழியைக் கண்ட ஓவியர் அம்ரிதா ஷேர்கில்

புதுதில்லி, டிச. 5: இந்திய நவீன ஓவியத்திற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான அம்ரிதா ஷேர்கில் 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று லாகூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 28.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1913 ஜனவரி 30 அன்று அவர் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற பஞ்சாப் சீக்கியப் பிரபு. தாய் ஹங்கேரியைச் சேர்ந்த இசைப் பாடகி. 1921-இல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. 1929-இல் ஓவியம் கற்க பாரிஸ் சென்ற அம்ரிதா, அங்கு லூசியன் சிமோனிடம் பயின்றார். 1932-இல் தீட்டிய 'இளம்பெண்கள்' என்ற ஓவியம், மறு ஆண்டே அவருக்குத் தங்கப்பதக்கத்தையும் புகழ்பெற்ற பாரிஸ் கண்காட்சி அமைப்பான கிராண்ட் சலோனில் இணை உறுப்பினர் தகுதியையும் பெற்றுத் தந்தது.

ஐரோப்பாவில் உறுதியாகிக்கொண்டிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு 1934-இன் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார்.

அன்றைய இந்தியாவில் அவனீந்திரநாத் தாகூர் வழிவந்த வங்க ஓவிய மரபு செல்வாக்குடன் திகழ்ந்தது. புராணக் காட்சிகள், மூடுபனி போன்ற மென்னிறங்கள், பழம்பெருமைக்கான ஏக்கம் ஆகியவை அதன் இயல்புகள். ஆங்கிலேயக் கலைப்பள்ளிகளுக்கு எதிரான தேசிய உணர்விலிருந்து பிறந்த கற்பனாவாதம் அது. அதில் உயிர்ப்பில்லை என்று அம்ரிதா வெளிப்படையாகவே விமர்சித்தார். ஆயினும் 1935-இல் அவர் வரைந்த 'மூன்று பெண்கள்', 'மலைவாழ் பெண்கள்' ஆகியவற்றில் தாழ்ந்த விழிகளும் பேசாத துயரமும் நிறைந்துள்ளன. ஏழ்மையை அழகிய சோகமாகக் காணும் கற்பனாவாதப் பார்வை அவரிடமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வேறுபாடு வடிவத்தில்தான் இருந்தது. அலங்காரம் நீங்கிய உருவங்களும் அகன்ற நிறப்பரப்புகளும் பிரெஞ்சு ஓவியர் கோகனை நினைவூட்டின.

இந்த இழுபறிக்கு விடை 1936-இன் இறுதியில் தொடங்கிய தென்னகப் பயணத்தில் கிடைத்தது. அஜந்தா, எல்லோரா குகைகளையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டு, கன்னியாகுமரி வரை சென்றார். பாரிஸில் கற்ற எளிமைப்படுத்தும் முறை இந்தியச் சுவர்களில் பல நூற்றாண்டுகளாகவே இருந்ததை அவர் கண்டுகொண்டார். 'மணமகள் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்' ஆகிய மூன்றும் 1937-இல் பிறந்தன. பிரம்மச்சாரிகளின் வெள்ளை வேட்டிகளும் கறுத்த மேனிகளும் இரக்கத்தைக் கோருவதில்லை. சுவரோவியத்தின் நிதானத்துடன் அமர்ந்திருக்கின்றன. முந்தைய சோகம் இங்கே அமைதியாக முதிர்ந்துவிட்டது.

ஆனால் வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். சிம்லா கலைச் சங்கம் 1935-இல் அவருடைய ஓவியங்களுள் சிலவற்றைத் திருப்பி அனுப்பியதால், அது அளித்த பரிசை அவர் ஏற்க மறுத்தார். ஐதராபாத்தின் நவாப் சாலார் ஜங் ஓவியங்களைப் பார்த்தபின் திருப்பி அனுப்பினார். மைசூர் மன்னரோ ரவிவர்மாவின் ஓவியங்களையே தேர்ந்தார். 1937-இல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தபோதும் விற்பனை பெருகவில்லை. அதே ஆண்டில் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' 2023 செப்டம்பரில் ரூ.61.8 கோடிக்கு ஏலம் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியத்திற்கும் கிடைத்திராத விலை அது. 1976-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டதால், இந்தியாவில் உள்ளவற்றை வெளிநாட்டிற்கு விற்க இயலாது.

1938-இல் தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை மணந்து, கோரக்பூர் அருகே சராயாவில் வசித்தார். 1941 செப்டம்பரில் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு டிசம்பரில் நடக்கவிருந்த தனிக் கண்காட்சிக்குச் சில நாள்களே இருந்த நிலையில் திடீரென நோயுற்று இறந்தார். லாகூர் வீட்டிலிருந்து தெரிந்த எருமைகளை வைத்து அவர் வரைந்துகொண்டிருந்த ஓவியம் முற்றுப்பெறாமல் நின்றது.