தலைமைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

நமது காரைக்கால் 1739-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தஞ்சை மராட்டிய மன்னர் முதலில் விலைபேசிப் பின்னர்ப் பின்வாங்கவே, சந்தா சாகிபு கோட்டையைப் பிடித்துக் கொடுத்தார் என்பது சரித்திரம். அந்நாளில் புதுச்சேரியில் முப்பதாம் பிராயத்தை எட்டிக்கொண்டிருந்த வணிகர் ஒருவர், தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் எழுதிவைத்து வந்தார். அவரே நம் யாதவ குலத்து உதித்த ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பெயரைச் சொல்லிப் பெருமை பாராட்டுவோர் நம்மிற் பலர். அவர் எழுதியதைப் படித்தோர் சிலரே.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, தம் மைத்துனரும் புதுச்சேரித் தலைமைத் துபாஷியுமாகிய நைனியப்ப பிள்ளையின் வேண்டுகோளுக்கிணங்கிக் குடும்பத்தோடு அந்நகரிற் குடியேறினார். ஆனால் அந்த நைனியப்பரின் கதி யாதாயிற்று? கவர்னர் எபேர் காலத்தில் குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறையிலேயே 1717-இல் மாண்டார். அவர் மைந்தர் குருவப்ப பிள்ளை நீதி வேண்டிப் பிரான்சு தேசஞ் சென்று, அங்கே கிறிஸ்து மதத்தைத் தழுவி, அரச விருதும் பெற்றுத் திரும்பித் தந்தையின் உத்தியோகத்தை அடைந்தார். சின்னாளில் அவரும் காலமானார். உத்தியோகத்தால் உயிர் போவதையும், உத்தியோகத்திற்காக மதம் மாறுவதையும் ஒரே வீட்டிற் கண்டு வளர்ந்த பிள்ளை, தம் முன்னோர் ஆசாரத்தைக் கடைசிவரை விட்டாரில்லை. 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தபோது, அவ்விடத்தில் கிறிஸ்தவரையே அமர்த்தவேண்டுமெனச் சேசு சபைப் பாதிரிமார் முயன்றும், கவர்னர் துய்ப்ளேக்ஸ் முடிவில் இவரையே அமர்த்தினார்.

இவர் தினசரிக் குறிப்பு 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்குகின்றது. தமிழிற் பத்திரிகை என்பது ஒன்றும் இல்லாத காலம் அது. கப்பல் வந்த செய்தி, தபால் கொணர்ந்த சங்கதி, நவாபுகளின் சூழ்ச்சி, சரக்கின் விலை, கவர்னர் மனைவியின் தலையீடு, கடைத்தெருவில் எழுந்த வதந்தி, கிரக பலன், சகுனம் எல்லாம் அதில் உண்டு. துரையின் முன் பணிந்து நின்று முகஸ்துதி சொல்லவேண்டிய மனிதர், வீடு திரும்பியதும் அத்துரையையே எடைபோட்டு எழுதினார். பழைய முறை குலைகின்றதே, தகுதியற்றோர் உயர்கின்றனரே, மேலோர் சொல் செல்லாதொழிந்ததே என்பன அவரது ஓயாத கவலைகள். சாதி விஷயத்தில் அவர் எண்ணம் முற்றிலும் அக்காலத்து எண்ணமே. இன்று அதனை நாம் போற்றவேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை.

அவர் எழுத்திலேயே நெஞ்சை உருக்கும் பகுதி 1748-ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஆங்கிலத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட வந்த செப்டம்பர் மாதத்தில், சேசு சபையார் மாதா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. அவ்வாலயத்தின்மேல் பாதிரிமார்க்கு நெடுநாளாக நோட்டமிருந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய முயற்சி எழுந்தபோது, குடிகள் ஊரைவிட்டே வெளியேறத் துணிய, அரசாங்கம் பணிந்தது. 1748-இலோ அவ்வொற்றுமை இல்லை. பிள்ளை தம் குறிப்பில் பாதிரிமாரை நொந்தார், துரைசானியை நொந்தார், சாதித் தலைவர்களின் பிளவை எல்லாவற்றினும் மிகுதியாக நொந்தார். நொந்தது நியாயமே. ஆயினும் அன்று கவர்னருக்கு மிக நெருங்கியிருந்த தமிழர் அவரே அல்லரோ! அவராலும் இடிப்பு நிற்கவில்லை. அதன் பொருட்டு அவர் பதவியைத் துறக்கவுமில்லை. துறந்திருந்தால் மற்றொருவர் வந்திருப்பார், குடிகளுக்கு இருந்த ஓர் ஆதரவும் போயிருக்கும் என்று அவருக்காகப் பேசலாம். நைனியப்பரின் சிறை அவர் கண்முன் நின்றிருக்கும் என்றும் சொல்லலாம். நம் குலத்தவர் என்பதற்காக அக்கேள்வியையே கேளாது விடுவது அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. அவர் தம் காலத்துப் பெரியோரை அப்படி விட்டவரல்லர். அவ்வாலயம் பிற்காலத்தில் வேறோரிடத்தில் எழுந்தது.

மறு ஆண்டிலே அவர் பாக்கியம் உச்சியை அடைந்தது. முசபர் ஜங்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் பதவியும் பட்டங்களும் அளித்தார். கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கிற் செல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆனந்தப்புரவி என்னும் கப்பல் அவருடையது. தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் புலவர்கள் அவர்மீது நூல்கள் செய்தனர். 1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பியழைக்கப்பட்டதும் எல்லாம் சரியத் தொடங்கிற்று. நோயும் சேர, 1756-இல் உத்தியோகம் போயிற்று. புத்திர சோகமும் அவரை விடவில்லை. இவ்வளவிலும் எழுத்து மட்டும் நின்றதில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த அந்நாட்களிலேயே, அவர் உயிரும் பிரிந்தது. பின்னர் அவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளையும் குறிப்பெழுதி வந்தார்.

அக்கணக்கேடுகள் நெடுங்காலம் வீட்டிலே கிடந்தன. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழ்மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948-இலேதான். தமிழில் எழுதிய நம்மவரை ஆங்கிலத்தார் முந்திப் படித்தனர்.