போட்டியைப் பார்க்காத புச்சிபாபு

குழந்தைகளே! ஒரு கிரிக்கெட் அணிக்குப் பதினொரு பேர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். மட்டையும் பந்தும் வாங்க வேண்டும். எதிரணியிடம் பேசி நாள் குறிக்க வேண்டும். எங்கள் கடம்பத்தூரில் மாலை நேரத்தில் அணி சேர்த்து விளையாடும் சிறுவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். இந்த வேலைகளையெல்லாம் 1888-ஆம் ஆண்டிலேயே சென்னையில் செய்து காட்டியவர்தான் புச்சிபாபு நாயுடு.

1868-இல் பிறந்த இவருடைய இயற்பெயர் வெங்கட மகிபதி நாயுடு. செல்வக் குடும்பத்துப் பிள்ளை. மயிலாப்பூர் லஸ் பகுதியில் வளர்ந்தார். அப்போது நம் நாட்டை ஆங்கிலேயர்கள் ஆண்டு வந்தனர். சேப்பாக்கம் மைதானம் அவர்களுடைய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. இந்தியர்கள் அதில் உறுப்பினராக முடியாது. உணவு இடைவேளையில் ஆங்கிலேயர்கள் பெவிலியனில் அமர, இந்தியர்கள் மரத்தடியில்தான் உட்கார வேண்டும்!

இந்த அவமதிப்பு புச்சிபாபுவின் மனத்தைச் சுட்டது. ஆனால் அவர் சண்டைக்குப் போகவில்லை. இந்தியர்களுக்கென்றே மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்! திறமையுள்ள இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். வசதியில்லாதவர்களுக்குத் தம் சொந்தப் பணத்தில் விளையாட்டுப் பொருட்கள் வாங்கித் தந்தார். தாமும் களமிறங்கி ஆடினார்.

ஆங்கிலேயர்களோடு சமமாக மோத வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் அது கைகூடியது. 1908 டிசம்பரில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதுவதென்று முடிவாயிற்று. ஆனால் போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது புச்சிபாபு காலமானார். எனினும் போட்டி நிற்கவில்லை, திட்டமிட்டபடி நடந்தது. பின்னாளில் பொங்கலையொட்டி நடந்த புகழ்பெற்ற மாகாணப் போட்டிகளுக்கு அதுவே தொடக்கம்.

அவருடைய மகன் சி. ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936-இல் இங்கிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். தந்தையின் நினைவாக 1909-இல் தொடங்கப்பட்ட புச்சிபாபு கோப்பைப் போட்டியில், பிற்காலத்தில் வெளிமாநில அணிகளும் வந்து ஆடின. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

குழந்தைகளே! தமக்கு இடமில்லை என்றபோது, பலருக்கும் இடம் உண்டாக்கினார் புச்சிபாபு. உங்கள் அணியில் மட்டையில்லாமல் ஓரமாக நிற்கும் நண்பனை இன்று மாலையே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.