காட்டுத் தீயை எதிரியாகப் பார்த்தவர் மனம் மாறியது ஏன்? - ஆல்டோ லியோபோல்டின் கதை

காட்டில் தீப்பிடித்தால் என்ன செய்யணும்? உடனே அணைக்கணும். இதில் யோசிக்க என்ன இருக்கு என்று தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க வனத்துறையும் அப்படித்தான் நினைத்தது. அந்தத் துறையில் சேர்ந்த ஓர் இளைஞர், அந்த நம்பிக்கையையே பின்னாளில் சந்தேகிக்கத் தொடங்கினார். அவர்தான் ஆல்டோ லியோபோல்ட்.

யார் இவர்?

1887-ல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துவிட்டு, 1909-ல் வனத்துறை வேலைக்காக அரிசோனா போனார். அப்போது வயது 22. பொறுப்பு, பாண்டரோசா பைன் மரங்கள் நிறைந்த அப்பாச்சி தேசியக் காடு.

மறு ஆண்டே ஒரு பேரிடர். 1910 ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, எந்தத் தீயையும் விடக் கூடாது என்பதே வனத்துறையின் கொள்கையாக இறுகிப்போனது. லியோபோல்டும் இதில் உறுதியாக இருந்தார். பழங்குடியினர் போல அவ்வப்போது லேசாக எரித்துவிடலாமே என்று சிலர் சொன்னபோது, 1920-ல் அதை எதிர்த்துக் கட்டுரையே எழுதினார். காட்டில் மான்கள் பெருக வேண்டும் என்று ஓநாய்களைச் சுட்டுக்கொல்வதையும் அப்போது ஆதரித்தார்.

எங்கே மாறினார்?

புத்தகத்தில் இல்லை, மரத்தில். தெற்கு அரிசோனாவின் மலையடிவாரங்களில் பழைய ஜூனிபர் மரங்களில் தீ சுட்ட தழும்புகளைப் பார்த்தார். அங்கே காலங்காலமாகத் தீ வந்துபோயிருக்கிறது. குடியேறிகளின் மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்த பிறகுதான் தீ பரவ வழியில்லாமல் நின்றது. புல் இருந்த இடத்தைப் புதர் பிடித்தது, மண் அரித்தது. 1924-ல் இதை எழுதினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தான் எழுதியதற்கே எதிர்த்திசை அது.

பைன் காட்டில் இது எப்படி வேலை செய்கிறது? முதிர்ந்த பாண்டரோசா பைனின் பட்டை தடிமனானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சின்னத் தீ, சருகையும் நெருக்கமாக முளைத்த கன்றுகளையும் எரித்துவிட்டுப் போகும். பெரிய மரம் தப்பிக்கும். அந்தத் தீயைத் தொடர்ந்து அணைத்தால் சருகு குவியும், கன்றுகள் அடர்ந்து ஏணி போல நிற்கும். பிறகு ஒருநாள் பிடிக்கும் தீ அந்த ஏணியில் ஏறி மர உச்சிக்குத் தாவும். அப்போது முதிர்ந்த மரமும் மிஞ்சாது.

1936-ல் மெக்சிகோவின் சியரா மாட்ரே மலையில் ரியோ கவிலான் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே தீ அவ்வப்போது வந்துபோனது. ஓநாயும் இருந்தது, மானும் இருந்தது. பைன் காடு நலமாக இருந்தது, ஆறு தெளிவாக ஓடியது. தீயை விரட்டி, ஓநாயையும் கொன்ற அமெரிக்கப் பக்கம்தான் நொந்துபோயிருந்தது.

சொந்த நிலத்தில் என்ன செய்தார்?

1935-ல் விஸ்கான்சினில் பாரபூ அருகே, விவசாயம் பொய்த்துக் கைவிடப்பட்ட மணல் நிலம் ஒன்றை வாங்கினார். அங்கே இருந்த ஒரே கட்டடம் பழைய கோழிக்கொட்டகை. அதைக் கழுவி, சரிசெய்து குடிலாக்கினார்கள். மனைவி, ஐந்து பிள்ளைகளோடு வார இறுதிகளில் வந்து பைன் கன்றுகள் நட்டார். 1936 கோடை வறட்சியில் பெரும்பாலானவை கருகின. அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். அதற்கடுத்த வசந்தத்திலும்தான். இப்படி 1948 வரைக்கும் பல்லாயிரம் கன்றுகள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 14-ல், அவருடைய கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஆக்ஸ்போர்டு பதிப்பகம் சம்மதித்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 21-ல், பக்கத்துப் பண்ணையில் புல்தீ. தன் பைன் மரங்கள் பக்கம் அது வந்துவிடாமல் தடுக்கப் போராடியவர் மாரடைப்பில் இறந்தார். வயது 61. நூல் 1949-ல் வந்தது. இன்று அது சூழலியலின் அடிப்படை நூல்களில் ஒன்று.

தீ தேவை என்று சொன்னவர் தீயை அணைக்கப் போய் இறந்தாரே, முரண் இல்லையா? இல்லை. எல்லாத் தீயும் நல்லது என்று அவர் சொல்லவில்லை. பட்டை தடித்த மரம் தாங்கும் தீயை இளங்கன்று தாங்காது. எந்தக் காடு, எந்த வயது, எந்தப் பருவம் என்று பார்க்கணும். அவ்வளவுதான்.

இன்று என்ன நிலை?

எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க வனத்துறை 1935-ல் கொண்டுவந்தது. அதைக் கைவிட 1978 ஆனது. இப்போது பாண்டரோசா காடுகளை மீட்க நெருக்கமான சிறு மரங்களை வெட்டுகிறார்கள், திட்டமிட்டு எரிக்கிறார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த சருகும் சிறு மரங்களும் சீக்கிரம் தீரக்கூடியவை அல்ல.

லியோபோல்ட் குடும்பம் நட்ட பைன்களும் வளர்ந்து நெருக்கியடித்து நின்றன. மற்றவை செழிக்க, சிலவற்றை வெட்டினார்கள். அந்த மரத்தைக் கொண்டு, அவர் இறந்த இடத்துக்கு அருகிலேயே அவர் பெயரில் ஒரு மையம் 2007-ல் எழுந்தது. நட்டுவிட்டால் மட்டும் காடு வந்துவிடாது, நட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.