சர்வர் வேகத்துக்கும் 1957-க்கும் என்ன சம்பந்தம்? கம்பைலருக்கு வேகம் கற்றுக்கொடுத்த ஜான் பேக்கஸின் கதை

வெப்சைட் ஒன்று மெதுவாகத் திறந்தால் நாம் உடனே நெட்வொர்க்கைத் திட்டுவோம். ஆனால், சர்வர்களைப் பராமரிக்கும் இன்ஜினீயர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிப்பார்கள். சர்வரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் எந்தக் கம்பைலரில், எந்த செட்டிங்கில் தயாரானது என்பதுதான் அது. புது ஹார்டுவேர் எதுவும் வாங்காமல், அதே புரோகிராமை வேறு செட்டிங்கில் மறுபடி கம்பைல் செய்தே சில நேரம் கூடுதல் வேகத்தைப் பெற்றுவிடலாம்.

மனிதர் கையால் எழுதுவதற்கு நிகரான வேகமான கோடை மெஷினே எழுதும் என்று 1950-களில் சொன்னபோது, புரோகிராமர்கள் பலர் நம்பவில்லை. அதைச் செய்து காட்டிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். யார் இவர்?

கம்பைலர்னா என்ன?

புரோகிராமர் எழுதும் வரிகள் பிராசஸருக்கு நேரடியாகப் புரியாது. அவற்றை பிராசஸருக்குப் புரியும் மெஷின் கோடாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர்தான் கம்பைலர். ஒரே வேலைக்கான மெஷின் கோடைப் பல விதமாக எழுதலாம். ஒன்று வேகமாக ஓடும், இன்னொன்று இழுத்தடிக்கும். வேகமான வழியைத் தேடிப் பிடிக்கும் வேலைக்குப் பெயர் ஆப்டிமைசேஷன்.

படிப்பில் ஒட்டாத மாணவர்

பேக்கஸ் பிறந்தது 1924 டிசம்பர் 3-ம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில். வளர்ந்தது டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில். வசதியான குடும்பம்தான், ஆனால் பையனுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை. பள்ளியில் பாடங்களில் தோற்றுக்கொண்டே இருந்தார். 1942-ல் வேதியியல் படிக்க வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்புக்குச் சரியாகப் போகாததால் அடுத்த ஆண்டே அந்தப் படிப்பும் முடிவுக்கு வந்தது.

அது இரண்டாம் உலகப் போர் காலம். ராணுவத்தில் சேர்க்கப்பட்ட அவரை, திறனறித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து மருத்துவப் படிப்புக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் அவருடைய மண்டை ஓட்டிலேயே ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. ஆபரேஷன் செய்து கட்டியை அகற்றி, அந்த இடத்தில் உலோகத் தகடு பொருத்தினார்கள். மருத்துவமும் ஒத்துவரவில்லை. சில மாதங்களில் அதையும் விட்டுவிட்டார்.

போர் முடிந்து நியூயார்க் வந்தவருக்கு, வீட்டில் நல்ல மியூசிக் சிஸ்டம் ஒன்று வேண்டும் என்று ஆசை. அதைத் தானே செய்வதற்காக ரேடியோ டெக்னீஷியன் பள்ளியில் சேர்ந்தார். ஆசிரியருக்கு ஆம்ப்ளிஃபயர் கணக்குகள் போட உதவியபோது கணிதம் பிடித்துப்போனது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1949-ல் இளங்கலைப் பட்டமும், 1950-ல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

வேடிக்கை பார்க்கப் போய் கிடைத்த வேலை

நியூயார்க் மேடிசன் அவென்யூவில் இருந்த ஐபிஎம் அலுவலகத்தில் ஒரு பிரம்மாண்ட கம்ப்யூட்டரை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சுமார் 13,000 வாக்குவம் டியூப்கள் கொண்ட மெஷின் அது. வேடிக்கை பார்க்கப் போனவர், சுற்றிக்காட்டிய ஊழியரிடம் பேச்சுவாக்கில் வேலை பற்றிக் கேட்டார். அங்கேயே இன்டர்வியூ நடந்தது. ஒரு புதிருக்கு விடை சொன்னார், வேலை கிடைத்துவிட்டது.

நிலவின் இருப்பிடத்தைக் கணக்கிடும் புரோகிராம் எழுதுவதெல்லாம் அவரிடம் வந்தது. எல்லாவற்றையும் மெஷின் எண்களாகவே எழுத வேண்டும். ஒரு எண் தப்பினாலும் மொத்தமும் போச்சு. இந்தச் சலிப்பைக் குறைக்க, ஐபிஎம் 701 கம்ப்யூட்டருக்காக 1953-ல் ‘ஸ்பீட்கோடிங்’ என்ற முறையை உருவாக்கினார். எழுதுவது எளிதானது. ஆனால், மெஷின் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே விளக்கம் பார்த்துச் செய்ததால் வேகம் அடிவாங்கியது.

மனிதருக்குச் சமமாக மெஷின் எழுதுமா?

அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் மெஷினுக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் புரோகிராமர்களுக்கும் செலவானது. போதாக்குறைக்கு, மெஷின் நேரத்தில் கால் பங்கு முதல் பாதி வரை பிழை தேடுவதிலேயே கழிந்தது. இந்தக் கணக்கை முன்வைத்து 1953 இறுதியில் மேலதிகாரி கத்பர்ட் ஹர்டுக்கு பேக்கஸ் கடிதம் எழுதினார். வரவிருக்கும் ஐபிஎம் 704 மெஷினுக்கு, கணிதச் சூத்திரம் போல எழுதினால் போதும் என்கிற மொழி வேண்டும் என்பது கோரிக்கை. அனுமதி கிடைத்தது. அதுதான் ஃபோர்ட்ரான்.

கம்பைலர் என்ற யோசனையே புதிது அல்ல. கிரேஸ் ஹாப்பர் ஏற்கெனவே அந்தப் பாதையில் இறங்கியிருந்தார். ஆனால், அதுவரை வந்த தானியங்கி முறைகளின் வேகத்தைப் பார்த்து புரோகிராமர்கள் சலித்துப்போயிருந்தார்கள். கையால் எழுதிய கோடில் பாதி வேகம்தான் வரும் என்றால் ஃபோர்ட்ரானை யாரும் சீண்ட மாட்டார்கள் என்பது பேக்கஸுக்குத் தெரியும். அதனால், மொழியை வடிவமைப்பதைவிட ஆப்டிமைசேஷனுக்கே அவருடைய சிறு குழு அதிகம் உழைத்தது. இர்விங் ஜில்லர், ஹார்லன் ஹெரிக், ராய் நட், ஷெல்டன் பெஸ்ட், அப்போதுதான் கல்லூரி முடித்து வந்த லோயிஸ் ஹைப்ட் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள்.

எந்தப் பாதையில் எத்தனை முறை?

704 மெஷினில் இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள் மூன்றே மூன்று. வரிசையாக உள்ள எண்களை எடுத்துக் கணக்கிட இவை அவசியம். மூன்றையும் எதற்கு ஒதுக்குவது என்பதில்தான் வேகம் இருக்கிறது.

குழு ஒரு தந்திரம் செய்தது. ரெஜிஸ்டர்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கின்றன என்று பாவித்து முதலில் கோடை உருவாக்கும். பிறகு, புரோகிராமின் எந்தப் பாதை அதிகம் ஓடும் என்று கணித்து, அந்தப் பாதைக்கு முன்னுரிமை கொடுத்து மூன்றுக்குள் அடக்கும். இதைக் கணிக்க, கம்பைலர் புரோகிராமின் ஓட்டத்தைத் தற்செயல் எண்களை வைத்துப் பாவனையாக ஓட்டிப் பார்த்தது. இந்தப் பகுதியை எழுதியவர் லோயிஸ் ஹைப்ட். எந்தக் கிளை எந்த விகிதத்தில் ஓடும் என்று புரோகிராமரே சொல்ல ‘ஃப்ரீக்வென்சி’ என்ற கட்டளையும் இருந்தது. கம்பைலரை ட்யூன் செய்ய புரோகிராமருக்குக் கிடைத்த முதல் திருகாணிகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். பின்னாளில் வந்த பதிப்புகளில் இந்தக் கட்டளை கைவிடப்பட்டது.

ஆறு மாதத்தில் முடியும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, கடைசியில் 1957 ஏப்ரலில்தான் கம்பைலர் வெளியானது. அது உருவாக்கிய கோடைப் பார்த்து எழுதியவர்களே சில இடங்களில் குழம்பினார்கள். ஏன் இதை அங்கே நகர்த்தியது என்று யோசித்துப் பார்த்தால், கம்பைலர் செய்தது சரியாகவே இருந்தது! 1958 ஏப்ரலில் 704 மெஷின் வைத்திருந்த 26 இடங்களில் விசாரித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை தங்கள் கணக்குகளில் பாதிக்கு மேல் ஃபோர்ட்ரானில் செய்துகொண்டிருந்தன.

தன் வேலையையே கேள்வி கேட்டவர்

பேக்கஸ் அதோடு நிற்கவில்லை. புரோகிராமிங் மொழிகளின் இலக்கணத்தை எழுதும் முறை ஒன்றை 1959-ல் முன்வைத்தார். பீட்டர் நார் அதைச் செம்மைப்படுத்தினார். ‘பேக்கஸ்-நார் வடிவம்’ என்று இன்றும் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

1977-ல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. விருது உரையில் ஃபோர்ட்ரானின் பெருமையைப் பேசுவார் என்று எதிர்பார்த்தால், நடந்தது வேறு. ஃபோர்ட்ரான் உட்பட அப்போதிருந்த மொழிகள் எல்லாமே ஹார்டுவேரின் அமைப்புக்குள் சிக்கிக் கிடக்கின்றன என்று விமர்சித்தார். அதற்கு மாற்றாக, கணிதச் சார்புகளை அடிப்படையாகக் கொண்ட புரோகிராமிங்கை முன்வைத்தார். ஐபிஎம்-மிலிருந்து 1991-ல் ஓய்வு பெற்றார். 2007 மார்ச் 17-ம் தேதி ஓரிகன் மாநிலத்தின் ஆஷ்லாந்தில், 82 வயதில் காலமானார்.

இன்றைய சர்வருக்கு இதில் என்ன?

லினக்ஸ் கெர்னல் வழக்கமாக ‘ஓ2’ என்ற ஆப்டிமைசேஷன் அளவில் கம்பைல் ஆகிறது. அதற்கு மேல் ‘ஓ3’ உண்டு. அப்படின்னா அதை வைத்துவிட வேண்டியதுதானே? அவ்வளவு சுலபம் இல்லை. ‘ஓ3’-ல் கோடின் அளவு பெருக்கலாம். பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தில் அது அடங்காமல் போனால் வேகம் குறையவும் கூடும். குறிப்பிட்ட பிராசஸர் மாடலுக்கென்று கம்பைல் செய்தால் வேகம் கூடலாம். ஆனால், அந்தக் கெர்னல் பழைய மெஷினில் ஓடாமல் போகலாம்.

எந்தப் பாதை அதிகம் ஓடுகிறது என்ற பழைய கேள்வியும் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஊகிக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்தே அளந்து, அந்தப் புள்ளிவிவரத்தைக் கம்பைலரிடம் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யலாம். ‘ஆட்டோஎஃப்டிஓ’ எனப்படும் இந்த முறையில் கெர்னலை உருவாக்கும் வசதி, 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13-ல் சேர்ந்தது.

ஒரு விஷயம் முக்கியம். டேட்டாபேஸ் சர்வரில் எடுத்த அளவு, வீடியோ அனுப்பும் சர்வருக்குப் பொருந்தாது. உங்கள் சர்வரில் என்ன ஓடுகிறதோ அதை வைத்து, செட்டிங் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் பழைய செட்டிங்கே போதும்.