திருமலை கிருஷ்ணமாச்சாரியார்: பொறுமையான பயிற்சியின் பயன்

பக்கவாதம், மூட்டுவலி, முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றுக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளை நாடுவோருக்கு மருந்துடன் உடற்பயிற்சியும் தேவைப்படுகிறது. சில நாட்களில் பலன் தெரியாததால் பலர் பயிற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். அத்தகையோரும் அவர்தம் பராமரிப்பாளர்களும் அறியத்தக்கது யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

இவர் 1888 நவம்பர் 18 அன்று இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தார். சிறுவயதில் தந்தையாரிடம் வேதமும் ஆசனமும் கற்கத் தொடங்கினார். காசியில் வடமொழிச் சாத்திரங்களைப் பயின்றார். பின்னர் இமயமலைப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாக இவரது வரலாறு கூறுகிறது.

மைசூரிலிருந்து சென்னைக்கு

1933-இல் மைசூர் மன்னரின் ஆதரவுடன் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். அங்கு இளைஞர்களுக்கு வலிமை மிக்க பயிற்சிகளைக் கற்பித்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட வல்லுநர் ஒருவருக்கு உதவ அழைக்கப்பட்டு, 1950-களின் தொடக்கத்தில் சென்னை வந்து குடியேறினார்.

சென்னையில் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் ஏற்றவாறு தம் முறையை அமைத்துக்கொண்டார். ஒவ்வொருவரின் வயது, நோய், மூச்சின் அளவு ஆகியவற்றை முதலில் கவனிப்பார். எளிய அசைவுகளை மூச்சுடன் இணைத்து, நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்குவார். ஒன்று நன்கு கைவந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்வது இம்முறையின் அடிப்படை. இவரது மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார்.

இறுதிக் காலம்

தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையில் இருந்தவாறே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவர் அறுவைச் சிகிச்சையை ஏற்கவில்லை என்றும் கூறப்படுகிறது. இதனை எவரும் பின்பற்றுதல் கூடாது. எலும்பு முறிவுக்கு உடனடி மருத்துவச் சிகிச்சை இன்றியமையாதது. இயன்ற அளவில் பயிற்சியை விடாது தொடர்ந்த மனப்பான்மையே கொள்ளத்தக்கது. 1989 பிப்ரவரி 28 அன்று, நூறு வயதைக் கடந்த நிலையில் காலமானார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• சீனாவின் தாய் சி பயிற்சியும் மெதுவான அசைவைப் பலமுறை செய்து பழகும் முறையே. அது முதியோர் தவறி விழும் அபாயத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.
• மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்குக. மருந்துகளைத் தாமாக நிறுத்தற்க.
• ஒரே நாளில் நெடுநேரம் செய்வதினும் நாள்தோறும் சிறிது நேரம் செய்தல் நன்று.
• சமநிலை குன்றியவர் பயிற்சி செய்கையில் பராமரிப்பாளர் அருகில் இருத்தல் வேண்டும்.
• நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுக.
• நேற்றைவிட இன்று முன்னேற்றம் தெரியாமற் போகலாம். அதன் பொருட்டுப் பயிற்சியைக் கைவிடற்க.