பலா மரப் பொந்தில் ஒளிந்தவர் கட்டிய குளிர்ந்த மாளிகை

நெய்யாற்றின்கரைக் கோவிலில் ஒரு பெரிய பலா மரம். அதன் அடிமரத்தில் ஒரு பொந்து. கொலை செய்ய ஆட்கள் துரத்திவந்தபோது, ஓர் இளவரசர் அந்தப் பொந்துக்குள் நுழைந்து உயிர் தப்பினார் என்று அந்தப் பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அந்த இளவரசர்தான் மார்த்தாண்டவர்மர். 1706-ல் பிறந்தவர்.

வேணாட்டில் மாமனுக்குப் பிறகு மருமகனே மன்னன். இந்த வழக்கத்தை மன்னரின் மக்களான தம்பிமார் எதிர்த்தார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். இளவரசருக்குத் தூங்க ஒரு நிலையான வீடு இல்லை. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர்.

1729-ல் அவர் பட்டத்துக்கு வந்தார். பிறகு எதிரிகளுக்கு இரக்கம் காட்டவில்லை. பிள்ளைமாரைத் தூக்கிலிட்டார். அவர்களுடைய வீடுகளை இடித்து, வீடு இருந்த இடத்தில் குளம் தோண்டச் செய்தார் என்பார்கள். வீரர்தான், ஆனால் கொடுமையும் செய்தவர்.

1741-ல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தார். பிடிபட்ட தளபதி டிலனாயைக் கொல்லவில்லை. தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டை அந்த டச்சுக்காரரின் மேற்பார்வையில் பலமடைந்தது.

தாயின் வீடு நின்றது

தக்கலைக்குப் பக்கத்தில் கல்குளம் என்ற ஊர். அங்கே வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனை இருந்தது. மார்த்தாண்டவர்மர் அதைப் பெரிதாக்கினார். ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்தது.

பகைவர் வீடுகளை இடித்த மன்னர், முன்னோர் வீட்டை இடிக்கவில்லை. தாய்க்கொட்டாரம் என்ற அந்தப் பழைய வீடு அவர் காலத்திலேயே மிகப் பழசு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம் என்று அமைந்த நாலுகட்டு வீடு. அங்கே பலா மரத்தில் ஒரு தூண். அடியிலிருந்து நுனி வரை பூ வேலை.

அதை அப்படியே விட்டு, சற்றுத் தள்ளித் தமக்குப் புது மாளிகை எழுப்பினார். 1750-ஐ ஒட்டி எழுந்த உப்பரிகை மாளிகை அது. நான்கு நிலை. ஆனால் உயரத்தைக் காட்டிப் பழைய வீட்டைச் சிறுமைப்படுத்தவில்லை. அதே ஓடு, அதே மரம், அதே சரிந்த கூரை. எது பழசு, எது புதுசு என்று பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியாது!

விசிறி இல்லாத குளிர்ச்சி

நாஞ்சில் நாட்டுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். மழை விட்டால் வெயில், புழுக்கம். மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில் மன்னர் எப்படித் தூங்கினார்?

கூரை செங்குத்தாக இருப்பதால் மழைநீர் தங்காமல் ஓடிவிடும். இறவாரம் நன்றாக வெளியே நீண்டு இறங்குவதால் உச்சி வெயில் சுவரில் படாது. சூடான காற்று எப்போதும் மேலே ஏறும். ஏறிய காற்று கூரை முகப்பில் உள்ள மர இடைவெளிகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து புதுக்காற்று வரும். சன்னலில் மரச் சட்டங்களைச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம்; தெருவில் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. ஒளிந்து வாழ்ந்த மன்னருக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும்!

தரை கறுப்புக் கண்ணாடி போல மின்னும். சுண்ணாம்பு, மணல், கருக்கிய சிரட்டை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். முட்டையில் தரையா என்று சிரிக்கவேண்டாம்; இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பளபளப்பு போகவில்லை.

மேல் மாடி யாருக்கு?

கீழ்த்தளம் கருவூலம். அதற்கு மேலே மன்னரின் படுக்கையறை. 64 மூலிகை மரத் துண்டுகளால் ஆன கட்டில் அங்கே கிடக்கிறது. அதற்கும் மேலே அவர் நோன்பிருந்த இடம்.

எல்லாவற்றுக்கும் மேலே, காற்று நன்றாக வீசும் நான்காம் நிலையில் அவர் படுக்கவில்லை. அதைப் பத்மநாபசுவாமிக்கு விட்டுவிட்டார். சுவரெங்கும் ஓவியம் தீட்டி, விளக்கேற்றி வைத்தார். 1750 ஜனவரியில் நாட்டையே அந்தக் கடவுளுக்கு எழுதிக்கொடுத்து, தம்மைப் பத்மநாபதாசர் என்று சொல்லிக்கொண்டவர் அல்லவா?

புது மாளிகை எழுந்து சில ஆண்டுகளே ஆயின. 1758-ல் மார்த்தாண்டவர்மர் காலமானார். அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. அரண்மனையைக் கேரளத் தொல்பொருள் துறை பராமரித்து வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பங்குனி வெயிலில் சுட்ட கால், அந்தக் கறுப்புத் தரையில் பட்டதும் குளிர்ந்துபோகும்.